என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது!

வெப் டிசைன் பண்ற யாரையாவது கூப்பிட்டு, ‘உங்க பக்கம் எங்க மெஷின்ல கோணல்மாணலா இருக்கே’ன்னு சொல்லிப் பாருங்க. அடுத்த நொடியே பதில் வரும்: ‘என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது!’ அவர் சொல்றது பொய் இல்லை. நிஜமாவே அவர் மெஷின்ல அழகாத்தான் தெரியும். பிரச்னையே அதுதான் பாஸ்!

நான் பி.இ. மூணாவது வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். செமஸ்டர் லீவில் மதுரையில் வெப் டிசைன் பண்ற ஒரு சின்ன ஆபீஸில் இன்டர்ன். எனக்குக் கொடுத்த வேலை ரொம்ப சிம்பிள். ஒரே பக்கத்தை விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன் எல்லாத்துலயும் திறந்து பார்த்து, என்னென்ன வித்தியாசம்னு நோட்டுல எழுதணும். ‘ஆறு வித்தியாசங்கள்’ போட்டி மாதிரிதான். என்ன, இங்கே ஆறோட நிக்காது.

பத்திரிகைன்னா, அச்சகத்துல என்ன ஓடுச்சோ அதேதான் கடமலைக்குண்டு பெட்டிக்கடையிலயும் தொங்கும். வெப் பக்கம் அப்படி இல்லை. சர்வரில் இருந்து வர்றது எழுத்தும், ‘இதை இங்கே வை, இந்த அளவுல காட்டு’ங்கிற குறிப்பும் மட்டும்தான். அச்சடிக்கிற வேலை முழுக்க படிக்கிறவங்க மெஷின்ல நடக்குது. அங்கே என்ன எழுத்துரு இருக்கோ, என்ன ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுதோ, அதைப் பொறுத்துப் பக்கம் மாறும்.

இது இன்னிக்கு நேத்து வந்த தகராறு இல்லை. ஆரம்ப காலத்து மேக், ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளின்னு கணக்கு வெச்சது. விண்டோஸ் 96-னு வெச்சது. அதனால ‘12 பாயின்ட் எழுத்து’ன்னு சொன்னா மேக்கில் 12 பிக்ஸல் உயரம், விண்டோஸ்ல 16 பிக்ஸல் உயரம். மேக்கில் பார்த்துப் பார்த்து செஞ்ச பக்கம் விண்டோஸ்ல பூதாகரமா நிக்கும். விண்டோஸ்ல செஞ்சது மேக்கில் எறும்பு மாதிரி ஊரும். இங்கிலீஷுக்கே இந்தக் கதின்னா நம்ம தமிழுக்குக் கேக்கணுமா?

தேனி படும் பாடு

எங்க மாவட்டத்துப் பேரையே எடுத்துக்குவோம். ‘தேனி’ன்னு கையால எழுதும்போது முதல்ல இரட்டைக் கொம்பு போடுவோம், அப்புறம்தான் ‘த’. ஆனா யூனிகோடில் இது சேமிக்கப்படுற வரிசை வேற. முதல்ல ‘த’, அடுத்து ஏகாரக் குறி, அப்புறம் ‘ன’, கடைசியில் இகரக் குறி. மொத்தம் நாலு எண். அந்தக் கொம்பைத் தூக்கி ‘த’வுக்கு முன்னாடி கொண்டுபோய் வைக்கிறதும், ‘ன’வோட இகரத்தை ஒட்டுறதும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஒரு மென்பொருளோட வேலை. கு, சு, து – ஒவ்வொண்ணுக்கும் ‘உ’ ஒவ்வொரு மாதிரி வளையுதே, அந்தக் கணக்கையும் அதுவும் எழுத்துருவும் சேர்ந்துதான் பாக்கணும்.

அந்த மென்பொருள் இல்லாத மெஷின்ல ‘தேனி’யைத் திறந்தா கொம்பு இடம் மாறி, ‘த’வுக்குப் பின்னாடி அநாதையா நிக்கும். எழுத்துருவே இல்லைன்னா வெறும் கட்டம்... கட்டம்... கட்டம்!

அதுக்கும் முன்னாடி, யூனிகோடு பரவாத காலத்துல கதை இன்னும் மோசம். ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஆளாளுக்கு ஒரு குறியீடு. ஒரு பத்திரிகையோட பக்கத்தைப் படிக்க ஒரு எழுத்துரு இறக்கணும், அடுத்த பத்திரிகைக்கு இன்னொண்ணு. இதை ஒழுங்குபடுத்த ‘திஸ்கி’ வந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ‘டாம்’, ‘டாப்’னு ரெண்டு குறியீடு வந்தது. யூனிகோடோட முதல் பதிப்பிலேயே, அதாவது 1991-லேயே, தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியாச்சு. ஆனா விண்டோஸ் 2000-ல் ‘லதா’ எழுத்துரு வந்த பிறகுதான் விண்டோஸ்காரங்களுக்கு அது கையில கிடைச்சது. கடைசியா 2010-ல், கோவை செம்மொழி மாநாடு நடந்த சமயத்துல, தமிழக அரசு யூனிகோடையும் ‘டேஸ் 16’ங்கிற குறியீட்டையும் அதிகாரபூர்வமா ஏத்துக்கிச்சு.

தேனீ தந்த தீர்வு

இந்த இடத்துல ஒருத்தரைப் பத்திச் சொல்லியே ஆகணும். பேரு உமர்தம்பி. தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்துக்காரர். 1953-ல் பிறந்து 2006-ல் மறைஞ்சவர். அவர் உருவாக்கின எழுத்துருவோட பேரைக் கேட்டதும் எனக்கு ஒரே குஷி: ‘தேனீ’! எங்க ஊர் தேனி குறில்ல முடியும், அவரோட தேனீ நெடில்ல முடியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் செஞ்ச வேலையை ஒரு வரியில் சொல்லலாம். படிக்கிறவர் மெஷின்ல எழுத்துரு இல்லையா? அப்ப பக்கத்தோட சேர்த்து எழுத்துருவையும் அனுப்பிடு! 1997-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-லேயே அதுக்கு ஒரு வசதி இருந்தது. எழுத்துருவை ஒரு தனி வடிவத்துல மாத்தி சர்வரில் வெச்சுட்டா, பக்கத்தைத் திறக்கும்போது அது தானா இறங்கி எழுத்தைக் காட்டும். படிக்கிறவர் எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ‘தேனீ’யை அந்த வடிவத்துல யூனிகோடு தமிழுக்குச் செஞ்சு இலவசமாவே கொடுத்தார் உமர்தம்பி. விண்டோஸ் 98 ஓடுற பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்துகூட யூனிகோடு தமிழைப் படிக்க முடிஞ்சதுக்குப் பின்னாடி இந்தத் தேனீ இருந்தது.

இதுக்கும் ஒரு எல்லை இருந்தது. அந்த வசதி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விட்டுத் தாண்டாது. ஃபயர்பாக்ஸ், லினக்ஸ் ஆளுங்களுக்கு உதவாது. 2008-ல் சஃபாரி 3.1, 2009-ல் ஃபயர்பாக்ஸ் 3.5-னு ஒவ்வொண்ணா வழிக்கு வந்த பிறகுதான் எழுத்துருவைப் பக்கத்தோட அனுப்புறது எல்லா சிஸ்டத்துலயும் சாத்தியமாச்சு. இன்னிக்கு நாங்க ‘வெப் ஃபான்ட்’னு பெருமையாச் சொல்லிக்கிறது அதே யோசனைதான்.

இப்ப என்ன பிரச்னை?

இப்ப குரோமும் ஃபயர்பாக்ஸும் பெரும்பாலான சிஸ்டங்கள்ல எழுத்தைக் கோக்குறதுக்கு ‘ஹார்ஃப்பஸ்’னு ஒரே மென்பொருளைத்தான் பயன்படுத்துது. அதனால கொம்பு இடம் மாறுறது அநேகமா நின்னுபோச்சு. ஆனா எழுத்துரு மட்டும் இன்னும் சிஸ்டத்துக்கு சிஸ்டம் வேற. விண்டோஸ் 7-ல் லதா, விண்டோஸ் 8-ல் இருந்து நிர்மலா. மேக்கில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கின இணைமதியும், தமிழ் சங்கம் எழுத்துருவும். லினக்ஸ்ல பெரும்பாலும் லோஹித் அல்லது நோட்டோ. ஆண்ட்ராய்டில் நோட்டோ. ஒவ்வொண்ணுக்கும் அகலம் வேற, உயரம் வேற. ‘16 பிக்ஸல்’னு ஒரே அளவைச் சொன்னாலும் ஒரே வாக்கியம் ஒண்ணுல ஒரு வரியிலயும் இன்னொண்ணுல ஒண்ணேகால் வரியிலயும் நிக்கும்.

அப்போ கட்டம் கட்டமா தெரிஞ்சது. பக்கம் கெட்டுப்போயிருக்குன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். இப்போ எல்லாம் அழகா தெரியுது, ஒரு பட்டன் மட்டும் இல்லை. இல்லாத ஒண்ணு இல்லைன்னு பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? ‘நமக்குத்தான் தெரியலை போல’ன்னு எழுந்து போயிடுவாங்க.

இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லலை. கண்ணால பார்த்தேன்.

பட்டனைக் காணோம்

எங்க ஊர் வருசநாடு. தேனியில் இருந்து வர்ற பஸ் க.விலக்கில் திரும்பி, கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைன்னு ஒவ்வொரு ஊரா ஆளை இறக்கிவிட்டு வந்து சேரும். வைகை பிறக்கிற மலை எங்க மலை. இலவம்பஞ்சும் முருங்கையும் தென்னையும் விளையுற பூமி. வீட்டுலயே முதல் ஆளா காலேஜ் வாசலை மிதிக்கிற பிள்ளைங்க இங்கே நிறைய.

போன வருஷம் ரிசல்ட் வந்த சமயம் ஊர்ல இருந்தேன். எங்க பக்கத்துல படிச்சு வெளியூர்ல வேலை பாக்கிற சிலர் சேர்ந்து, பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களுக்கு முதல் வருஷ ஃபீஸ் கட்டுறதா அறிவிச்சிருந்தாங்க. ஆன்லைன்ல ஒரு விண்ணப்பம், தமிழ்லயே பதினோரு கேள்வி. கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டு நாள்.

பிரவுசிங் சென்டர் அண்ணன் என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார். “தாயி, நீ கம்ப்யூட்டருதான படிக்கிற? இங்கிட்டு வந்து இதக் கொஞ்சம் பாரு. எல்லாம் அடிச்சாச்சு, அனுப்புற பட்டனைக் காணோம்.”

மெஷின் முன்னாடி ஒரு பொண்ணு. மலையடிவாரத்து ஊர்ல இருந்து காலையில முதல் பஸ்ல வந்திருந்தா. பக்கத்து ஸ்டூல்ல அவ அம்மா. மகளோட துணைக்கு வந்ததுல அன்னிக்குக் கூலி போச்சு. மூணு தடவை முதல்ல இருந்து அடிச்சிருக்கா. மூணு தடவையும் பதினோராவது கேள்வியோட பக்கம் முடிஞ்சுபோச்சு.

“நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலக்கா”ன்னா.

அண்ணன் கன்ட்ரோலையும் மைனஸையும் அமுக்கிப் பக்கத்தைச் சின்னதாக்கிப் பார்த்திருக்கார். பலிக்கலை. பலிக்கவும் செய்யாது. கேள்விகளை அடைச்சு வெச்சிருக்கிற பெட்டியும் எழுத்தும் சேர்ந்தே சுருங்கினா, உள்ளே இடம் எப்படிக் கூடும்?

கடைசிக் கேள்வியில் கர்சரை வெச்சு ‘டேப்’ கீயைத் தட்டச் சொன்னேன். மறைஞ்சு கிடக்கிற பட்டனா இருந்தாலும், கீபோர்டு அதைத் தேடிப் போனா பிரவுசர் அதை இழுத்துக் கண்ணுக்குக் காட்டும். தட்டினா... பெட்டிக்குள்ள கேள்வியெல்லாம் மேலே நகர்ந்து, அடியில இருந்து ‘சமர்ப்பிக்கவும்’ எழும்பி வந்துச்சு!

“ஆத்தி... உள்ளதான் இருந்துச்சா!”ன்னார் அண்ணன். என்டர் தட்டினதும் விண்ணப்ப எண் வந்தது. அம்மா அதை ஒரு சீட்டுல எழுதி வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

அதுக்கு அப்புறம் அண்ணன் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “முந்தாநாளு நாலு புள்ளைக இதே மாதிரி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாக தாயி. நெட்டு சரியில்லன்னு நெனச்சேன்.”

அங்கேயே உட்கார்ந்து பக்கத்தைப் பிரிச்சுப் பார்த்தோம். சென்டர் மெஷின் விண்டோஸ் 7. அதுல ஓடின குரோம் 109-ஆவது பதிப்பு. விண்டோஸ் 7-க்குக் கிடைச்ச கடைசி குரோம் அதுதான். பக்கத்தைச் செஞ்சவர் மேக்கில் செஞ்சிருக்கார். எழுத்துருப் பட்டியல்ல மேக் எழுத்துருவோட பேர் மட்டும்தான் இருந்தது. அது விண்டோஸ்ல ஏது? குரோம் தானா லதாவை எடுத்துப் போட்டிருக்கு. லதாவுக்கு உடம்பு கொஞ்சம் அகலம். நாலு கேள்வி ரெண்டு வரியாப் போச்சு. பெட்டியோட உயரத்தையோ இத்தனை பிக்ஸல்னு அடிச்சு நிறுத்தியாச்சு, மிஞ்சுறதை மறைச்சிடுன்னும் எழுதியாச்சு. மிஞ்சினது எது? அந்தப் பட்டன்! என் லேப்டாப் விண்டோஸ் 11. அதுல நிர்மலா எழுத்துரு சிக்கனமா உட்கார்றதால பட்டன் பளிச்னு நின்னது. ஆக, என் கம்ப்யூட்டர்லயும் ‘நல்லாத்தான்’ தெரிஞ்சது.

சிஸ்டம் பேரு, பிரவுசர் பதிப்பு, எழுத்துரு பேரு, ரெண்டு ஸ்க்ரீன்ஷாட் – எல்லாத்தையும் சேர்த்து அந்தக் குழுவுக்கு மெயில் போட்டேன். அன்னிக்கு ராத்திரியே சரி பண்ணிட்டாங்க. பெட்டி உயரத்தை ‘குறைந்தபட்சம் இவ்வளவு’ன்னு மாத்தி, மறைக்கிற வரியை எடுத்துட்டு, எழுத்துருவையும் பக்கத்தோட அனுப்பினாங்க. அண்ணன் போனைப் போட்டு, திரும்பிப் போன நாலு பேர்ல மூணு பேருக்குத் தகவல் சொன்னார். நாலாவது பிள்ளை எந்த ஊர்னே அவருக்குத் தெரியலை.

கண்டுபிடிக்கிறது எப்படி?

காலேஜ் சிம்போசியத்துக்கு வெப் பக்கம் செய்றவங்க, ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடைப் பக்கம் செய்றவங்க, எல்லாருக்கும் இன்டர்ன்ஷிப்ல நான் கத்துக்கிட்ட வரிசை இதோ...

முதல்ல அதே கோளாறை உங்க கண்ணால பாருங்க. புகார் சொன்னவர்கிட்ட நாலு விஷயம் கேளுங்க: என்ன சிஸ்டம், என்ன பிரவுசர், எந்தப் பதிப்பு, ஸ்க்ரீன் எத்தனை சதவீதத்துல இருக்கு. விண்டோஸ்ல நிறைய பேர் மெஷின் 125 சதவீதத்துல இருக்கும், அவங்களுக்கே அது தெரியாது. பாக்காத கோளாறுக்குப் பண்ற வைத்தியம் குருட்டாம்போக்கு வைத்தியம்.

ரெண்டாவது, எந்த எழுத்துரு நிஜமா ஓடுதுன்னு பாருங்க. நீங்க எழுதினது ஒண்ணு, மெஷின் எடுத்தது ஒண்ணா இருக்கலாம். குரோம்ல எஃப் 12 தட்டி, ‘கம்ப்யூட்டட்’ பகுதியோட அடிக்குப் போனா உண்மைப் பேர் இருக்கும். ஃபயர்பாக்ஸ்ல அதுக்குன்னே ‘ஃபான்ட்ஸ்’னு தனிப் பகுதி உண்டு.

மூணாவது, வரி உயரத்தை நீங்களே சொல்லிடுங்க. சொல்லாம விட்டா எழுத்துருவுக்குள்ள இருக்கிற அளவை மெஷின் எடுத்துக்கும். ஒரே எழுத்துருவுக்குள்ளேயே மேக் படிக்கிற அட்டவணை வேற, விண்டோஸ் படிக்கிற அட்டவணை வேற.

நாலாவது, உயரத்தைப் பூட்டாதீங்க. இங்கிலீஷ்ல ‘சப்மிட்’ அடங்குற பட்டன்ல ‘சமர்ப்பிக்கவும்’ அடங்குமா? தமிழ்ல ‘விண்ணப்பதாரருடைய’ன்னு ஒரே வார்த்தை ரயில் மாதிரி நீளும். வளர இடம் விடுங்க. நீளமான வார்த்தை பெட்டியைக் கிழிச்சுக்கிட்டுப் போகாம மடங்குறதுக்கும் சி.எஸ்.எஸ்-ல் வழி இருக்கு.

அஞ்சாவது, ஓரத்தைப் பாருங்க. விண்டோஸ் 7 மாதிரி சிஸ்டத்துல ஸ்க்ரோல் பார் 17 பிக்ஸல் இடத்தைச் சாப்பிடும். மேக்கிலயும் போன்லயும் அது எழுத்து மேலேயே மிதந்துட்டு மறைஞ்சிடும். கடைசிப் பத்தி ஏன் கீழே விழுந்துச்சுன்னு நாள் கணக்கா மண்டையை உடைச்சுக்கிறவங்களுக்கு விடை பல சமயம் இந்த 17-லதான்.

எழுத்துருவைப் பக்கத்தோட அனுப்புறது நல்லது. நோட்டோ, முக்தா மலர், ஹிந்த் மதுரைன்னு இலவசமாவே நல்ல எழுத்துருக்கள் கிடைக்குது. ஆனா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க. எங்க மலைப் பக்கத்துல சிக்னல் ஒத்தைக் கோடாத்தான் நிக்கும். பக்கம் வந்திடும், எழுத்துரு வந்து சேராது. அப்பவும் பட்டன் தெரியணும். அதனால எழுத்துருவை நிறுத்திட்டும் ஒரு தடவை திறந்து பாருங்க.

எல்லாம் முடிஞ்சா, உங்க ஊர்லயே பழசான மெஷின் எங்கே இருக்குன்னு தேடிப் போய் அதுல ஒரு தடவை திறங்க. பிரவுசிங் சென்டர்ல அரை மணி நேரத்துக்கு ஆகுற செலவு ரெண்டு டீக்கு மேல போகாது.

பக்கம் செய்யாத, படிக்க மட்டும் வர்ற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் பாதியில நின்னா, எழுந்து போகாதீங்க. டேப் கீயைத் தட்டிப் பாருங்க. வேற மெஷின்ல, வேற போன்ல திறந்து பாருங்க. அப்பவும் வரலைன்னா ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, என்ன மெஷின்னு ஒரு வரி எழுதி, பக்கத்தை நடத்துறவங்களுக்கு அனுப்புங்க. ‘என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது’ன்னு அவங்க சொன்னா விடாதீங்க... ‘எங்க கம்ப்யூட்டர்ல தெரியலைங்க’ன்னு தைரியமா சொல்லுங்க!